ஆசி வரவுக் கணக்கன்று

தமிழ்க் கிறித்துவர் இல்லங்கள் பலவற்றில் புத்தாண்டு ஓர் அட்டையோடு பிறக்கின்றது. டிசம்பர் 31 நள்ளிரவு வழிபாட்டின் முடிவில், விவிலிய வாசகம் ஒன்று அச்சிடப்பெற்ற சிற்றட்டைகளைத் தட்டில் வைத்து நீட்டுவர். வந்தோர் ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்துக்கொள்வர். வாக்குத்தத்த வசனம் என்று அதற்குப் பெயர். ஆண்டு முழுவதும் அது வீட்டுச் சுவரிலோ பணப்பையிலோ இடம்பெற்றிருக்கும். எளிய மக்களின் இறைப்பற்றில் பிறந்த இவ்வழக்கத்தைக் குறை கூற எவருக்கும் மனம் வராது. அவ்வட்டையை எங்ஙனம் படிப்பது என்று இன்று சில மேடைகளில் கற்பிக்கின்றார்களே, அங்கேதான் குறை உள்ளது. இவ்வாண்டு பெருக்கத்தின் ஆண்டு, கடன் தீரும், பதவி உயரும், வீடு வரும், வாகனம் வரும், நோய் அணுகாது, ஐயமின்றி நம்பிக் காணிக்கையை விதைத்தவர் அறுவடை செய்வர் என்று முழங்குகின்றனர். இவை அனைத்திற்கும் அவர்கள் சூட்டும் ஒரே பெயர் ஆசீர்வாதம்.

இச்சொல்லாட்சி தவறானது, தவறு சிறியதும் அன்று. கிறித்துவ மறையில் ஆசி என்பது, ஒருவன் வழியாகப் பிறரைச் சென்றடைவதற்காக அவனிடம் ஒப்படைக்கப்படும் பொறுப்பு. அதனைத் தனி மனிதனின் வரவுக் கணக்காக மாற்றுவோர் மறையின் உயிர்நாடியையே அறுக்கின்றனர். ஒரு சமயத்தாரின் உள்விவகாரத்தில் தமிழாசிரியருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். சொல்லின் பொருள் திரிக்கப்படும் இடத்தில் மொழியாசிரியருக்கு வேலை உண்டு. அத்திரிபு வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் நெஞ்சைப் புண்படுத்தும்போது அவ்வேலை இருமடங்காகின்றது.

சொல்லிலிருந்தே தொடங்குவோர்க்கு வழி எளிது. ஆசீர்வாதம் என்பது வடசொல். ஆசி என்பது நல்விருப்பம். வாதம் என்பது சொல்லுதல். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இதற்கு நிகராக நிற்பது யூலோகியா. நன்மொழி என்பது அதன் நேர்ப்பொருள். இலத்தீன் மொழியின் பெனெதிக்சியோவும் நன்கு மொழிதல் என்றே விரியும். மும்மொழியிலும் அடிப்படை, வாயிலிருந்து பிறக்கும் சொல். வீடும் வாகனமும் அச்சொற்களுக்குள் எங்கும் இல்லை.

எபிரேயச் சொல் இன்னும் வியப்புக்குரியது. பராக் என்னும் அவ்வினைச்சொல், இறைவன் மனிதனை வாழ்த்துவதற்கும் மனிதன் இறைவனை வாழ்த்துவதற்கும் ஒன்றேயாக வருகின்றது. 1871இல் பவர் ஐயர் தலைமையிலான குழுவினர் வெளியிட்ட தமிழ் விவிலியம் இவ்விரண்டையும் பிரித்துவிட்டது. இறைவன் செய்தால் ஆசீர்வதித்தல். மனிதன் செய்தால் ஸ்தோத்திரித்தல். சிறியோர் பெரியோர்க்கு ஆசி கூறுதல் தமிழ் மரபுக்கு ஒவ்வாது என்று அவர்கள் கருதியிருந்தால் அதில் பிழை காண முடியாது. ஆயினும் அப்பிரிவினால் தமிழ் வாசகன் ஓர் உண்மையை இழந்தான். 103ஆம் திருப்பாடலின் தொடக்கத்தில் பாடுபவன் தன் உயிரை அழைத்து, இறைவனுக்கு ஆசி கூறு என்றே மூலமொழியில் ஏவுகின்றான். ஆசி என்பது பொன்னும் பொருளும் ஆயின், அந்த ஏழைப் பாடகன் இறைவனுக்கு எந்தப் பொன்னைக் கொடுத்தான்? மேடைப் பேச்சாளர்கள் இவ்வினாவுக்கு விடை கூறல் வேண்டும்.

அன்றியும், விவிலியத்தில் ஆசி வேறு, பேறு வேறு. பராக் என்பதிலிருந்து வேறான அஷ்ரே என்னும் எபிரேயச் சொல்லும், அதற்கு நேரான மக்காரியோஸ் என்னும் கிரேக்கச் சொல்லும் ஒருவனது நிலையைச் சுட்டுவன. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் பெரும்பாலும் ஒரே சொல்லைப் பெய்து குழப்பிவிட்டனர். தமிழ் அவ்வாறு குழப்பவில்லை. பழைய மொழிபெயர்ப்பு ஒன்றை ஆசீர்வாதம் என்றும் மற்றதைப் பாக்கியம் என்றும் வைத்தது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ஆசி என்றும் பேறு என்றும் தமிழாக்கியது. வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஆசீர்வாதம் என்றும் பாக்கியம் என்றும் இரு பெயர்கள் வெவ்வேறு வரிகளில் நிற்பதைப் பார்த்த ஆசிரியர் பலர் இருப்பர். தமிழன் காத்து வைத்த இவ்வேறுபாட்டை ஆங்கில நூல்களைப் படித்துவிட்டு வரும் பேச்சாளர்கள் மேடையில் அழிக்கின்றனர் என்பது வருந்தத்தக்கது.

தமிழ் மரபில் வாழ்த்து என்பது இனிய சொல் மட்டும் அன்று என்பதையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். தொல்காப்பியச் செய்யுளியல் புறநிலை வாழ்த்தைக் கூறுமிடத்துச் செல்வத்தை விலக்கவில்லை. ஆனால் அது பழியற்ற செல்வமாதல் வேண்டும் என்று அடைகொடுத்தே கூறுகின்றது. அதனையடுத்து வாயுறை வாழ்த்து என ஒன்றை வகுத்து, வேம்பும் கடுவும் போலக் கசந்து பின்னர் நன்மை பயப்பதாக விளக்குகின்றது. கசப்பான வாழ்த்து என்பது இக்காலப் பேச்சாளருக்கு முரண்பாடாகத் தோன்றலாம். விவிலியத்தின் இறைவாக்கினர் அதனை நன்கு அறிவர்.

பழைய ஏற்பாட்டில் ஆடுமாடும் தானியமும் பிள்ளைப்பேறும் ஆசியாகக் கூறப்படவில்லையா என்பர் எதிர்க்கட்சியார். கூறப்பட்டுள்ளன, மறுப்பதற்கில்லை. உபாகமத்தின் 28ஆம் அதிகாரம் களஞ்சியத்தையும் கூடையையும் பேசுகின்றது. ஆனால் அது ஒரு முழுச் சமுதாயத்தை நோக்கிப் பேசப்பட்டது. அதே நூலின் 15ஆம் அதிகாரம் ஏழாண்டுக்கு ஒருமுறை கடனை விடுவிக்கக் கட்டளையிடுகின்றது. 24ஆம் அதிகாரம், கூலியாளின் கூலியைச் சூரியன் மறையுமுன் கொடுத்துவிடச் சொல்கின்றது. வயலில் மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாமல், அதனை அயலானுக்கும் தாயோ தந்தையோ அற்ற பிள்ளைக்கும் கைம்பெண்ணுக்கும் விட்டுவிடச் சொல்கின்றது. இவற்றைக் கிழித்தெறிந்துவிட்டு 28ஆம் அதிகாரத்தை மட்டும் சட்டம் போட்டு மாட்டுவது எந்த வகை வாசிப்பு?

மல்கியாவின் நூலுக்கும் இதே கதி நேர்ந்துள்ளது. பத்தில் ஒரு பங்கைக் கொண்டு வந்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும் என்னும் 3ஆம் அதிகாரத்தின் 10ஆம் வாசகம் காணிக்கை வேளையில் தவறாமல் ஒலிக்கின்றது. அதற்கு ஐந்து வாசகம் முன்னே, கூலிக்காரனை வஞ்சிப்போர் மீதும், கைம்பெண்ணையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குவோர் மீதும் இறைவன் சாட்சியாக எழும்புவதாக எழுதியிருக்கின்றது. அது எந்தக் காணிக்கை வேளையிலும் ஒலிப்பதில்லை. அந்தப் பத்தில் ஒரு பங்கும் மூன்றாண்டுக்கு ஒருமுறை ஊர்தோறும் சேர்த்து வைக்கப்பட்டு, நிலமற்ற லேவியருக்கும் அயலாருக்கும் திக்கற்றோருக்கும் உணவாக வேண்டும் என்பது சட்டம். வாங்குவோரின் மாளிகைக்கு அதில் பங்கு கூறப்படவில்லை.

ஆபிரகாமின் ஆசியை உரிமையோடு கேட்குமாறு மக்களைத் தூண்டுகின்றனர். கேட்கட்டும். அந்த ஆசி என்ன? ஆதியாகமத்தின் 12ஆம் அதிகாரத்தில் அவன் ஊரையும் உறவையும் விட்டுப் புறப்படுமாறு ஏவப்படுகின்றான். அவன் ஆசியாகவே விளங்குவான் என்பதும், அவனால் மண்ணின் குடும்பங்கள் யாவும் ஆசி பெறும் என்பதுமே அங்குக் கூறப்பட்டவை. அவனிடம் மந்தைகள் இருந்தன, உண்மை. ஆனால் வாக்களிக்கப்பட்ட நாட்டில் அவனுக்குச் சொந்தமாக ஓரடி நிலம் இல்லை. மனைவி சாராள் இறந்தபோது, அவளை அடக்கம் செய்ய ஏத்தியனாகிய எப்ரோனிடம் 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து ஒரு குகையையும் அதனைச் சூழ்ந்த வயலையும் வாங்கினான். பேரம் நிகழ்ந்த முறையைப் படித்தால், விற்றவனே கைதேர்ந்த வணிகன் என்பது விளங்கும். ஆசி பெற்றவனின் முதல் நிலவுடைமை ஒரு கல்லறை.

அவன் பேரன் யாக்கோபின் வரலாறு இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஆசி என்பது கைப்பற்றத்தக்க சொத்து என்று எண்ணிய முதல் மனிதன் அவனே எனலாம். ஆட்டுத்தோலைக் கையில் சுற்றிக்கொண்டு, கண்பார்வை மங்கிய தந்தையை ஏமாற்றி, அண்ணனுக்குரிய ஆசியைப் பெற்றான். பெற்ற மறுகணமே அவனுக்குக் கிடைத்தது என்ன? அண்ணனின் கொலைவெறி, ஓட்டம், தலையணையாக ஒரு கல், மாமன் வீட்டில் இருபதாண்டு உழைப்பு, அங்கே அவன் செய்த வஞ்சனைக்கு ஈடான வஞ்சனை. யாப்போக்கு ஆற்றங்கரையில் இரவு முழுதும் மல்லுக்கட்டி மீண்டும் ஆசி பெற்றபோது அவன் நொண்டியாகவே விடியலைக் கண்டான். பின்னர்த் தன் அன்பு மகன் இறந்தான் என நம்பி நெடுங்காலம் அழுதான். இறுதியில் பஞ்சம் அவனை எகிப்துக்குத் துரத்தியது. பார்வோன் அவன் அகவையைக் கேட்டபோது, தன் வாழ்நாள் 130 ஆண்டு என்றும், அவை குறுகியவையும் துன்பம் நிறைந்தவையும் என்றும் விடையிறுத்தான்.

அந்தச் சந்திப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு செய்தி இருமுறை எழுதப்பட்டிருக்கின்றது. யாக்கோபு பார்வோனுக்கு ஆசி கூறினான் என்பதே அது. உலகின் தானியக் களஞ்சியம் பார்வோனிடம் இருந்தது. படையும் தேரும் இருந்தன. வந்து நின்றவனோ சோற்றுக்கு வழியற்று அயல்நாடு புகுந்த நொண்டிக் கிழவன். மேடைப் போதனையின்படி ஆசி பெற்றவன் பார்வோன். அவனே கொடுப்பவனாக இருந்திருத்தல் வேண்டும். நூலாசிரியர் கையை வேறு பக்கம் நீட்டச் செய்தார். ஏதுமற்ற முதியவனின் கை உயர்கின்றது, பேரரசன் பெற்றுக்கொள்கின்றான். இந்த ஒரு காட்சியை விளக்கிவிட்டுச் செழிப்புப் போதகர்கள் மேற்கொண்டு பேசட்டும்.

இப்போதனை பழைமையானதும் அன்று. அமெரிக்காவில் கென்யன் (1867–1948) என்பாரின் எழுத்துகளில் வேர்விட்டு, கென்னத் ஹேகின் (1917–2003) முதலியோரால் பரப்பப்பட்டது. ஓரல் ராபர்ட்சு என்னும் புகழ்பெற்ற சொற்பொழிவாளர், 1947இல் ஒருநாள் காலை மறைநூலைத் திறந்தபோது யோவானின் 3ஆம் திருமுகத்தின் 2ஆம் வாசகம் கண்ணில் பட்டதாகவும், இறைவன் தம் மக்களின் செழிப்பை விரும்புவதை அப்போது கண்டுகொண்டதாகவும், அதன்பின் புதிய பியூக் மகிழுந்து தமக்குக் கிடைத்ததாகவும் தாமே கூறியுள்ளார். 1970இல் காணிக்கையை விதையாகக் கொள்ளும் கோட்பாட்டை நூலாகவே எழுதினார். அவ்வாசகம் யாது? காயு என்னும் நண்பர் நலமாக இருக்க விரும்பும் கடிதத் தொடக்கம். நலம், நலமறிய ஆவல் என்று கடிதம் எழுதும் வழக்கம் தமிழருக்குத் தெரியாததா? அவ்வரியிலிருந்து பொருளாதாரக் கோட்பாடு ஒன்றை யாரேனும் கறந்தெடுத்தால் தமிழர் சிரிக்கமாட்டாரா? அதே கடிதம் காயுவை எதற்காகப் பாராட்டுகின்றது என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. முன்பின் அறியாத வழிப்போக்கரை வரவேற்று அனுப்பிவைத்ததற்காக!

நூறு மடங்கு பெறுவீர் என்பதும் அவர்களுக்கு மிக விருப்பமான வாக்கு. மாற்கு 10ஆம் அதிகாரத்தில் அது உள்ளது. ஆனால் அப்பட்டியலில் வீடுகளோடும் நிலங்களோடும் சகோதரரும் தாயரும் பிள்ளைகளும் சேர்ந்தே உள்ளனர். நூறு வீட்டைச் சொல்லுக்குச் சொல் எதிர்பார்ப்பவர் நூறு தாயரையும் எதிர்பார்க்கின்றாரா? தன் இல்லத்தைத் துறந்தவனுக்கு அடியார் கூட்டத்தின் இல்லங்களெல்லாம் கதவு திறக்கும் என்பதன்றி வேறு பொருள் அங்கு இல்லை. துன்புறுத்தல்களோடு என்னும் ஒரு சொல்லும் அப்பட்டியலில் உண்டு. விதைக் காணிக்கை கேட்போர் அச்சொல்லுக்கு வந்ததும் தொண்டையைச் செருமிக்கொள்கின்றனர்.

புத்தாண்டு அட்டைகளில் மிகுதியும் இடம்பெறுவது எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வாசகம். தீமைக்கான நினைவுகள் அல்ல, நல்வாழ்வுக்கான நினைவுகளே இறைவனுக்கு உண்டு என்னும் கருத்துடையது. அட்டையில் அது தனித்து நிற்கின்றது. நூலில் அது ஒரு கடிதத்தின் நடுவில் நிற்கின்றது. கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறை கொண்டு போகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதிய கடிதம் அது. அதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்றொருவன் தோன்றுகின்றான். இரண்டே ஆண்டில் சிறைப்பட்டோர் அனைவரும் திரும்புவர், கோயில் கலங்கள் யாவும் மீளும் என்று மக்கள் முன்னிலையில் அறிவிக்கின்றான். எரேமியா தோளில் சுமந்திருந்த மரநுகத்தைப் பிடுங்கி முறிக்கின்றான். கூட்டம் எவ்வளவு ஆரவாரித்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். நேர்மறையான சொல், உறுதியான நாள், நம்பிக்கையூட்டும் குரல். இக்கால மேடைக்கு அனனியாவைவிடப் பொருத்தமானவன் கிடைப்பது அரிது. விவிலியம் அவனைப் பொய் நம்பிக்கை கொடுத்தவன் என்கின்றது. அவ்வாண்டே அவன் இறந்தான்.

எரேமியாவின் கடிதமோ எழுபதாண்டு என்றது. அஃதாவது, அதைக் கேட்ட பெரியவர்களுள் பெரும்பாலோர் பாபிலோனிலேயே மடிவர். அவர்களிடம்தான், வீடு கட்டுங்கள், தோட்டம் நடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைபிடித்த நகரத்தின் நல்வாழ்வை நாடி அதற்காக வேண்டுங்கள் என்னும் கருத்தை அவர் எழுதினார். நல்வாழ்வு என்னும் பொருளில் 7ஆம் வாசகத்தில் பகைவர் நகருக்கு வரும் ஷாலோம் என்னும் அதே சொல்தான் 11ஆம் வாசகத்தில் சிறைப்பட்டோருக்கும் வருகின்றது. பகைவனின் நலத்தோடு பிணைத்துக் கொடுக்கப்பட்ட நலம் அது. தொல்காப்பியர் வகுத்த வாயுறை வாழ்த்துக்கு இதனைக் காட்டிலும் பொருத்தமான வேற்றுமொழிச் சான்று காட்டுதல் எளிதன்று. வேம்பை நீக்கிவிட்டுச் சருக்கரையை மட்டும் அட்டையில் அச்சிட்டுவிட்டனர்.

மலைப்பொழிவைப் பற்றி இவர்கள் பேசுவது குறைவு. அதற்குக் காரணம் உண்டு. மத்தேயுவில் எளிய உள்ளத்தோரும் துயருறுவோரும் இரக்கமுடையோரும் துன்புறுத்தப்படுவோரும் பேறுபெற்றோர் எனப்படுகின்றனர். லூக்கா 6ஆம் அதிகாரத்தில் உள்ளம் என்னும் அடைகூட இன்றி, ஏழைகள் என்றே வெளிப்படையாக வருகின்றது. நான்கு பேறுகளுக்குப் பின் நான்கு கேடுகளும் அங்கே அடுக்கப்பட்டுள்ளன. செல்வர், இப்போது உண்டு நிறைந்தோர், சிரிப்போர், எல்லாராலும் புகழப்படுவோர் என்போரே அக்கேட்டுக்கு உரியவர். செழிப்பு மேடையின் சுவரொட்டியில் காணப்படும் நால்வகை அடையாளங்களும் இவையே என்பது தற்செயலாக அமைந்த பொருத்தம் போலும்!

அதே லூக்கா 2ஆம் அதிகாரத்தில், கோயிலுக்குக் குழந்தையைக் கொண்டுவந்த மரியாளுக்கும் யோசேப்புக்கும் சிமியோன் என்னும் முதியவர் ஆசி கூறுகின்றார். ஆசி கூறினார் என்ற சொல்லை அடுத்து மரியாளை நோக்கி அவர் மொழிந்தது, அவள் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்பதே. பெண்களுக்குள் ஆசி பெற்றவள் என்று அதற்கு முன்னரே எலிசபெத்தால் போற்றப்பட்டவள் அவள். அத்தகையவளுக்குக் கிடைத்த வாழ்த்தில் வாள் இருந்தது. இதனை எந்தப் புத்தாண்டு அட்டையிலும் காண முடியாது.

இவையெல்லாம் ஏட்டு வாதமாக மட்டும் நின்றுவிடுமானால் இத்துணை கடுமை தேவையில்லை. ஆசி என்றால் செழிப்பு என்று ஒரு முறை ஒப்புக்கொண்டால், செழிப்பில்லாதவன் ஆசியற்றவன் என்பது தானே பின்தொடரும். தந்தையைப் பறிகொடுத்த மாணவன், தேர்வில் தோற்ற மாணவி, தீராத நோயோடு பள்ளிக்கு வரும் பிள்ளை ஆகியோர் அம்மேடையிலிருந்து என்ன கேட்டுக்கொள்கின்றனர்? உன் வீட்டில் நம்பிக்கை போதவில்லை; காணிக்கை போதவில்லை; எங்கோ பாவம் ஒளிந்திருக்கின்றது என்பதையே கேட்கின்றனர். வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் கணக்கில் கெட்டிக்காரர்கள், தாமே விடை கண்டுபிடித்துவிடுவர். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்டு, இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் வினவியபோது இரண்டும் இல்லை என்று மறுத்தவர் இயேசு பெருமான். அவர் மூடிய கதவை அவர் பெயராலேயே திறந்து வைத்திருக்கின்றனர்.

யோபுவின் நண்பர்கள் மூவரும் இதே கணக்கைத்தான் போட்டனர். துன்பம் வந்தமையால் குற்றம் உண்டு என்பதே அவர்தம் வாய்பாடு. நூலின் முடிவில், தம்மைப் பற்றிச் சரியானதைப் பேசவில்லை என்று இறைவனே அவர்களைக் கண்டிக்கின்றார். யோபு இறுதியில் இரட்டிப்பாகப் பெற்றானே என்று வாதிடுவோர் உள்ளனர். பெற்றான். 7,000 ஆடுகள் 14,000 ஆயின. பிள்ளைகள் முன்பும் பத்துப் பேர், பின்பும் பத்துப் பேர். இறந்த பத்துப் பேரும் திரும்பி வரவில்லை. பிள்ளையை இழந்த தாயிடம் போய் இரட்டிப்பைப் பற்றிப் பேச எவருக்கேனும் துணிவிருந்தால் பேசிப் பார்க்கட்டும்.

இம்மறுப்பை வயிறு நிறைந்தவர்களின் பேச்சு என்று தள்ளவும் இயலாது. லொசான் இயக்கத்தின் இறையியல் பணிக்குழுவைச் சேர்ந்த ஆப்பிரிக்கப் பிரிவினர் 2008, 2009 ஆகிய ஆண்டுகளில் கானா நாட்டின் அக்ரோப்போங்கில் கூடி ஆராய்ந்து, இப்போதனை விவிலியத்தைத் திரிப்பது என்று அறிக்கை எழுதினர். வறுமையை நேரில் அறிந்த கண்டத்திலிருந்து எழுந்த குரல் அது.

எதிர்த்திசையில் நிகழ்ந்த தவற்றையும் மறைத்தல் கூடாது. ஏழைகள் பேறுபெற்றோர் என்பதைக் காட்டி, ஏழையை ஏழையாகவே இருக்கச் சொன்ன முதலாளிகளும் குருமார்களும் வரலாற்றில் உண்டு. அமெரிக்க அடிமைகளுக்கு அவ்வாறு போதிக்கப்பட்டது. யாக்கோபு எழுதிய திருமுகத்தின் 2ஆம் அதிகாரம் இத்தகையோரைச் சுடுகின்றது. உடையும் உணவும் இல்லாதவனிடம், அமைதியோடு போ, குளிர்காய்ந்து கொள், பசியாறு என்று வாயால் வாழ்த்திவிட்டு ஒன்றும் கொடாமல் அனுப்புபவனால் என்ன பயன் என்று அவர் கேட்கின்றார். ஆசி சொல்லே என்றால், சொல்லோடு முடிந்துவிடலாம் என்று தப்பிக்க நினைப்போர்க்கு அங்கே இடமில்லை.

பவுல் அடிகள் இச்சிக்கலைச் செயலால் தீர்த்தார். எருசலேமின் வறியவர்களுக்காகப் பல ஊர்ச் சபைகளில் அவர் பணம் திரட்டினார். கொரிந்தியருக்கு எழுதிய 2ஆம் திருமுகத்தின் 8, 9 ஆகிய அதிகாரங்கள் அப்பணியைப் பற்றியவை. கிறித்து நமக்காக ஏழையானார் என்னும் கருத்துடைய வாசகம் 8ஆம் அதிகாரத்தில் உள்ளது. அதையும் செழிப்புக்குச் சான்றாகக் காட்டுவர். அது பிறருக்குக் கொடுக்கும்படி கேட்டு எழுதிய வரி என்பதை அவர்கள் சொல்வதில்லை. 9ஆம் அதிகாரத்தின் 5ஆம் வாசகத்தில், திரட்டப்படும் அந்தப் பணத்திற்குப் பவுல் இட்ட பெயர் யூலோகியா. தமிழில் அது தருமம், கொடை என்னும் பொருளில் பெயர்க்கப்பட்டுவிட்டமையால், தமிழ் வாசகன் கண்ணுக்கு அங்கே ஆசி என்னும் சொல் தெரிவதில்லை. கொரிந்தியரை ஊக்குவிக்க அவர் எடுத்துக்காட்டியவர்களும் செல்வர் அல்லர். மக்கெதோனிய நாட்டுச் சபையார். அவர்கள் கடும் வறுமையில் இருந்தவர்கள். கொடுக்கும் உரிமையைத் தங்களுக்கும் தருமாறு அவர்கள் பவுலிடம் வற்புறுத்திக் கெஞ்சினர் என்று அங்கே எழுதப்பட்டிருக்கின்றது.